மென்முனைக் குண்டும் ஊன்பசைப் பாளமும்

பனங்காட்டு நாட்டிற் பிறந்தார்க்கு நுங்கின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உடன்குடிப் பக்கத்துச் சிறுவர் எவரும், இளநுங்கிற் கட்டைவிரலை விட்டால் அது நெகிழ்ந்து வழிவிடும் என்பதையும், முற்றிய கடுக்காய் நுங்கு விரலை எதிர்த்து நின்று பின் பிளக்கும் என்பதையும் கைப்பழக்கத்தால் அறிவர். அவ்வூர்க் கருப்பட்டியோ, ஓங்கித் தட்டினாற் சில்லுச் சில்லாய்ச் சிதறுமேயன்றி ஒருபோதும் நெகிழாது. இம்மூன்றும் ஒரே பனையினின்று பிறந்தவையாயினும், ஒரே அடியை ஏற்கும் வகையில் வேறுபடுகின்றன. விரைந்து செல்லும் ஈயக் குண்டொன்று உயிருடலிற் புகும்போது யாது நிகழ்கின்றது என்று ஆராயும் நூற்றுறைக்கும் இவ்வேறுபாடே அடிப்படையாகும். அத்துறையின் வரலாற்றில் நம் நாட்டு ஊரொன்றின் பெயர் நீங்காது நிலைத்திருக்கின்றது. அப்பெயர் நற்பெயரன்று.

முதலிற் பொருளை வரையறுத்துக்கொள்வோம். துப்பாக்கித் தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதனுள் மருந்து, அடியில் மருந்தைக் கொளுத்தும் சிறுமூடி, வாயிற் பொருத்திய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. இக்காலத்து ரைபிள் குண்டின் உள்ளீடு ஈயம்; அதன்மேற் செம்புக் கலவையாலான மெல்லிய உறை. உறை முனைவரை முழுவதும் மூடியிருப்பின் அது முழுவுறைக் குண்டு. முனையில் மட்டும் உறையின்றி ஈயம் வெளியே தோன்றுமாயின் அது மென்முனைக் குண்டு. கண்ணுக்கு இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஓர் அரிசியளவே. அவ்வரிசியளவு ஈயத்தை முன்னிட்டுப் பேரரசுகள் வழக்காடின.

பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கியின் குண்டு 480 கிரெயின் எடையுள்ள வெற்று ஈயம். குறுக்களவு ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீட்டர். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1300 அடி. 1888ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை .303 அங்குல அளவுடைய லீ மெட்ஃபோர்டு ரைபிளைக் கைக்கொண்டது. புகையற்ற கார்டைட் மருந்து வந்தபின் அதன் 215 கிரெயின் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 2000 அடி வேகம் பெற்றது. அவ்வேகத்தில் வெற்று ஈயம் குழலின் புரிகளில் உரசி இழைந்துவிடுமாதலின், செம்பும் நிக்கலும் கலந்த உறை இன்றியமையாததாயிற்று. கணக்குப் பயிலும் மாணவர் இவ்விரு குண்டுகளின் இயக்க ஆற்றலைத் தாமே கணித்துப் பார்க்கலாம். பழைய குண்டிற்கு ஏறத்தாழ 2440 ஜூல். புதியதற்கு ஏறத்தாழ 2590 ஜூல். புதியதே வலியது. ஆயினும், 1895ஆம் ஆண்டு சித்ரால் படையெடுப்பிலிருந்து மீண்ட படைத்தலைவர்கள், புதிய குண்டு பட்டும் பகைவர் வீழாது முன்னோக்கி வருகின்றனர் என்று முறையிட்டனர். ஆற்றல் மிகுந்திருக்கப் பயன் குறைந்ததெப்படி? குண்டு தன் ஆற்றலை உடலில் விட்டுச் செல்லவில்லை. ஊசிபோல் நேரே துளைத்து, பெரும்பகுதி ஆற்றலோடு மறுபுறம் வெளியேறிற்று. ஒருவன் கையில் எவ்வளவு பொருள் உண்டென்பது வேறு, எவ்வளவு செலவிட்டான் என்பது வேறன்றோ?

கல்கத்தாவையடுத்த டம்டம் என்னுமூரில் அரசினர் தோட்டாத் தொழிற்சாலை இருந்தது. அதன் தலைவராயிருந்த காப்டன் நெவில் பெர்ட்டி கிளே என்பார், அம்முறையீட்டிற்கு மாற்றாக, குண்டின் முனையில் உறையை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு ஈயத்தை வெளிப்படுத்தினார். 1896, 1897 ஆண்டுகளில் இது உருவாயிற்று. 1897இற் றொடங்கிய தீராப் படையெடுப்பில் அப்ரிதி, ஒரக்சாய் என்னும் மலைக்குடிகளின்மேற் பெருவாரியாகப் பயன்பட்டது. அக்காலத்து இளைஞராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில், மலக்கண்ட் படையைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இக்குண்டைப் புகழ்ந்திருக்கின்றார். ஊரின் பெயரே குண்டின் பெயராகி உலகமெங்கும் பரவிற்று. இதே டம்டத்திற்றான், 1857ஆம் ஆண்டு ஜனவரியிற் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிய செய்தி முதன்முதல் சிப்பாய்களிடையே எழுந்ததென்பதை வரலாறு பயில்வோர் நினைவுகூர்வர். நாற்பது ஆண்டு இடைவெளியில் ஒரே ஊர் இருமுறை தோட்டாவாற் பெயர் பெற்றது வியப்பே.

ஓர் அரிசியளவு ஈயம் இத்துணை வேற்றுமை விளைப்பது எங்ஙனம்? ஊனில் முக்காற்பங்கு நீர். நீரனைய பொருளிற் குண்டு புகும்போது அதன் முனையில் எழும் அழுத்தம், நீரின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் வரும். விநாடிக்கு 2000 அடி, அதாவது ஏறத்தாழ 610 மீட்டர் வேகத்திற்கு இது நாம் உட்கொள்ளும் காற்றின் அழுத்தத்தைப்போல் 1800 மடங்காகும். தூய ஈயமோ இருநூறு மடங்கிற்குள்ளாகவே உருமாறத் தொடங்கும். ஆகவே முனையிற் றோன்றும் ஈயம் அடுப்பிலேறிய வெண்ணெய்போற் பின்னோக்கி வழிகின்றது. வழிந்த ஈயம் உறையின் விளிம்பைப் பிளந்து விரிக்கின்றது. குண்டு நாய்க்குடை வடிவெய்துகின்றது. குறுக்களவு இருமடங்காயின் முகப்பரப்பு நான்குமடங்கு. அதற்கேற்பத் தடையும் பெருகிக் குண்டு தன் ஆற்றலைச் சிறுதொலைவிற்குள் இறக்கிவைக்கின்றது. முழுவுறைக் குண்டிலோ முனையிலுள்ள கடினவுலோகம் அவ்வழுத்தத்தைத் தாங்கிநிற்கும். வேகத்தின் வர்க்கம் இக்கணக்கிற் புகுவதால், வேகம் பாதியானால் அழுத்தம் காற்பங்காகும். ஆதலாற் சேய்மையிற் சென்று தளர்ந்த மென்முனைக் குண்டு விரியாமலும் போகலாம். எத்தொலைவிற் சுட்டனர் என்பதைக் கூறாத பரிசோதனை முடிவு எதுவாயினும் அரைகுறையே.

இவ்வுண்மையை மறந்தமையால் விளைந்த வழக்கொன்றை இனிக் கூறுவோம். 1898ஆம் ஆண்டில் ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்து அறுவை மருத்துவப் பேராசிரியர் பவுல் பான் புரூன்ஸ், மென்முனைக் குண்டுகளைச் சுட்டுப் பரிசோதித்து, அவை விளைக்கும் புண்கள் அச்சந் தருவன என்று வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் டம்டம் குண்டைப் பழித்தது. அப்போது ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரப் பேராசிரியர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்பார் குறுக்கிட்டார். சீழ்ப்புண்களில் வாழும் ஸ்டபிலோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரைக் கண்டறிந்தவர் இவரே. புரூன்ஸ் சுட்டது டம்டம் குண்டன்று. பலமடங்கு மிகுதியான ஈயம் வெளித்தோன்றும் வேட்டைக் குண்டு என்றும், ஒன்றைச் சோதித்து மற்றொன்றைக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று என்றும் அவர் எழுதினார்.

இதில் ஆக்ஸ்டன் கூறியதே அறிவியல் நெறிக்கு ஒத்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. சோதிக்கும் பொருளும் தீர்ப்புக்குரிய பொருளும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பது நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவனுக்குக் கற்பிக்கும் பாடம். ஆயினும் டம்டம் குண்டு தீங்கற்றது என்று அதனால் ஆகிவிடாது. புரூன்ஸின் சாட்சி பிழைபட்டது. குற்றவாளி நிரபராதியென்று அதனாற் பெறப்படவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாது ஆங்கில இதழ்கள் சில அந்நாளில் ஆரவாரித்தன.

புரூன்ஸுக்கு முன்னரே இத்துறையை நெறிப்படுத்தியவர் சுவிட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர். கழுத்துச் சுரப்பியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1909இல் நோபல் பரிசு பெற்ற அவர், அதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்பே குண்டுகளை நீர் நிரம்பிய பாத்திரங்களிலும் களிமண்ணிலும் ஊன்பசையிலும் சுட்டு, நீர்செறிந்த உறுப்புகள் உள்ளிருந்து வெடித்தாற்போல் கிழிவதன் காரணத்தை விளக்க முயன்றார். போரில் ஒருவனைச் செயலற்றவனாக்கினாற் போதும், அவனைச் சிதைத்தல் வேண்டா என்பது அவர் கொள்கை. 1894இல் ரோமாபுரியிற் கூடிய மருத்துவப் பேரவையில், மனிதத்தன்மையை நோக்கிக் குண்டுகளைத் திருத்த வேண்டுமென்று அவர் பேசினார். சுடும் கருவியை மருத்துவர் ஆராய்வது முரண்போற் றோன்றலாம். ஆனாற் குண்டின் வேலை முடிந்தவிடத்தில் அவர்தம் வேலை தொடங்குகின்றது. அவர் ஆராயாமல் வேறு யார் ஆராய்வார்?

1899ஆம் ஆண்டில் ஹேக் நகரிற் கூடிய சமாதான மாநாட்டில் இப்பொருள் வந்தது. மனித உடலில் எளிதில் விரிவனவும் தட்டையாவனவுமான குண்டுகளை, அவற்றுள் உள்ளீட்டை முழுதும் மூடாத உறையுடையவற்றை, போரிற் பயன்படுத்தலாகாதென்று ஜூலை 29 அன்று பிரகடனம் எழுந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. ஆங்கிலப் பிரதிநிதியாகிய ஸர் ஜான் ஆர்டா எடுத்துரைத்த நியாயம் நினைவில் வைக்கத்தக்கது: நாகரிகமுள்ள போர்வீரன் குண்டடிபட்டால், மேலும் போரிட்டாற் புண் பெருகும் என்றறிந்து படுத்துவிடுவான், காட்டுமிராண்டியோ அதனைக் கருதாது ஈட்டியோடு ஓடிவருவான், ஆகையால் அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பது அதன் சாரம். எந்த ஊன்பசைப் பாளமும் இவ்வேற்றுமையைக் காட்டியதில்லை. அப்ரிதியின் தசைக்கும் ஆங்கிலேயன் தசைக்கும் அடர்த்தி ஒன்றே. பிரிட்டன் 1907இல் அப்பிரகடனத்தில் இணைந்தது. அதுவும் உடன்பட்ட நாடுகள் தமக்குள் செய்யும் போருக்கே உரியதாயிருந்தமையின், அடிமைநாட்டு மக்கட்கு அதனாற் கிடைத்த காப்பு சிறிதே. 1998இல் இயற்றப்பட்ட ரோமச் சட்டம், அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் முன் இதனைப் போர்க்குற்றமாக வைத்திருக்கின்றது.

சட்டத்தின் எழுத்து ஒன்று, குண்டின் இயற்கை ஒன்று. 1910இல் வந்த .303 ஏழாங்குறிக் குண்டு முழுவுறையுடையது. ஹேக் எழுத்துக்கு முற்றும் இணங்கியது. 174 கிரெயின் எடை, விநாடிக்கு 2440 அடி வேகம், கூரிய முனை. ஆனால் உறைக்குள் முனைப்பகுதியில் ஈயத்திற்கு மாறாக அலுமினியம் வைக்கப்பட்டது. அதனாற் பாரம் பின்னே தங்கிற்று. காற்றிற் சுழற்சியால் நேரே செல்லும் அக்குண்டு, அடர்ந்த ஊனிற் புகுந்தபின் நிலைதவறிக் குறுக்கே புரளும். குறுக்கே புரண்ட குண்டு விரிந்த குண்டினும் இளைத்ததன்று. உறை முழுதும் இருத்தலே அருளின் அடையாளம் என்று கொள்வாரை இவ்வொரு எடுத்துக்காட்டே திருத்தும். ஆகவேதான் குண்டின் வடிவத்தைக் கண்ணாற் கண்டு தீர்ப்புச் சொல்லாமல், ஊனுக்கு ஒத்த பொருளிற் சுட்டுப் பார்க்கும் முறை வேண்டப்பட்டது.

அவ்வொத்த பொருள் ஊன்பசை, அதாவது ஜெலட்டின். விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து நியூட்டன் ஹார்வி (மின்மினியின் ஒளியை ஆராய்ந்து புகழ்பெற்றவர் இவர்) நூற்றுக்கு இருபது பங்கு ஊன்பசையுள்ள பாளங்களிற் சுட்டு, அதிவேகப் படங்களாலும் எக்ஸ் கதிர்களாலும் உள்நிகழ்வைப் பதிவு செய்தார். பின்னர், வியட்நாமிற் போர்ப்புண்களை அறுத்துத் தேர்ந்த அமெரிக்க அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர், 1980களில் நூற்றுக்குப் பத்துப் பங்குள்ள பாளமே பன்றித் தசைக்கு நெருங்கி ஒத்ததென்று நிறுவினார்.

செய்முறை சமையலைப் போன்றதே. எடையால் ஒரு பங்கு ஊன்பசைத் தூளும் ஒன்பது பங்கு நீரும் கொள்ளவேண்டும். தூளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பின்னர் மெல்லச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். 40 பாகைக்கு மேற் சூடேறினால் ஊன்பசையின் வலிமை கெடும். பாகு காய்ச்சும் நம்மவர்க்கு, பதம் தப்பினாற் கருப்பட்டி கூடாது என்பது தெரியும். இங்கும் பதமே உயிர். வார்த்த பாளத்தை 4 பாகைக் குளிரில் வைத்து, அக்குளிரிலேயே சுடவேண்டும். பதம் சரிதானா என்றறிய முதலில் 4.5 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு மணியொன்றை விநாடிக்கு 590 அடி வேகத்தில் அதனுட் செலுத்துவர். அது எட்டரை சென்டிமீட்டர் ஆழம் சென்று நிற்கவேண்டும். ஒரு சென்டிமீட்டர் ஏறலாம், இறங்கலாம். அதற்கு மேற்படின் அப்பாளத்தில் எடுத்த முடிவு எதுவும் செல்லாது.

குளிர் எதற்கென்று வினவுவார்க்கு விடை உடன்குடியிலேயே உண்டு. ஊன்பசைப் பாளம் 30 பாகையையொட்டி உருகிவிடும். சித்திரை மாதத்தில் நம் தேரிமணலருகே நண்பகலில் அது பாளமாக நில்லாது, கஞ்சியாகும். துப்பாக்கியின்றியே மாணவர் இதனை மெய்ப்பிக்கலாம். ஒரே கலவையை இரு கிண்ணங்களில் வார்த்துக் குளிர்ப்பெட்டியில் உறையவைத்து, ஒன்றை உடனேயும் மற்றொன்றை அரைமணி நேரம் வெளியில் வைத்துப் பின்னும் எடுத்து, கனங்கட்டிய கூரிய கம்பியொன்றை ஒரே உயரத்திலிருந்து விடுத்து ஆழத்தை அளக்கட்டும். வெளியில் இருந்த கிண்ணத்தில் ஆழம் மிகும். எமது நோக்கில், விலையுயர்ந்த கருவிகளாற் செய்யும் பல செய்முறைகளினும் இஃது நன்கு கற்பிக்கும்.

பாளத்திற் சுட்டபின் காண்பன பல. குண்டு எத்துணை ஆழம் சென்றது, எத்துணை விரிந்தது, தன் எடையில் எவ்வளவை இழந்தது, துண்டுகள் எங்கெங்குத் தங்கின என்பவற்றை அளப்பர். இவற்றினும் நுட்பமானது இரு குழிவுகளின் வேற்றுமை. குண்டு நேரே நசுக்கிச் செல்லும் வழி நிலைத்த குழிவு. அது பக்கங்களில் உந்திய பொருள் ஒரு நொடியின் சில ஆயிரத்திலொரு பங்குக் காலம் பலூன்போல் விரிந்து மீளுவது தற்காலிகக் குழிவு. இளநுங்கு விரலுக்கு வழிவிட்டுப் பின் கூடுவதை ஒப்பது இப்பிந்தியது. மென்முனைக் குண்டு பாளத்திற் புகுந்த சில அங்குலத்துள்ளேயே விரிந்து, தற்காலிகக் குழிவை வாயிலருகே பெரிதாக்கி, ஆழம் குறைந்து நிற்கும். முழுவுறைக் குண்டு முதலில் ஒடுங்கிய வழியிட்டு, ஆழத்தில் நிலைதவறிப் புரளுமிடத்தே குழிவைப் பெருக்கும். ஒரு மெல்லிய தசையைமட்டும் துளைத்து வெளியேறும்போது முழுவுறைக் குண்டின் புண் சிறிதாயிருப்பதும், பருத்த உடலில் அதுவே கொடிதாவதும் இதனால் விளங்கும்.

ஆனால் தற்காலிகக் குழிவு பெரிதென்றாற் புண்ணும் அவ்வளவு பெரிதென்று பலர் கொண்ட கருத்தை ஃபாக்லரே மறுத்தார். நுரையீரல் பஞ்சுபோன்றது, விரிந்து மீளும். கல்லீரலோ கடுக்காய் நுங்கின் இனம், விரியாது பிளக்கும். பாளத்தில் ஒரே அளவான குழிவு ஓருறுப்பில் வெறுங்கன்றலாகவும் மற்றோருறுப்பிற் சாவாகவும் முடியலாம். மேலும் பாளத்தில் தோலில்லை, எலும்பில்லை, குருதியோட்டமில்லை. அது ஓர் அளவுகோல், உடலின் படமன்று. இரு குண்டுகளை ஒத்த நிலையில் வைத்து ஒப்பிடுதற்கு அதனிற் சிறந்தது வேறில்லை. இவன் பிழைப்பானா என்று கேட்டால் அது வாய் திறவாது. இப்போது எண்ணெயாலும் செயற்கைப் பொருளாலும் ஆக்கிய, கண்ணாடிபோற் றெளிந்த பாளங்கள் விற்கப்படுகின்றன. குளிர் வேண்டாமை அவற்றின் வசதி. ஊன்பசையிற் கண்ட ஆழமும் விரிவும் அவற்றில் அப்படியே அமையாமை அவற்றின் குறை. படம் எடுக்க அழகியவை என்பதனாலேயே அவற்றை நம்புதல் தகாது.

நிற்க. போரில் விலக்கப்பட்ட இதே குண்டு வேட்டையில் விலக்கப்படவில்லை. பல நாடுகளிற் பெருவிலங்குக்கு இதுவே கட்டாயம். காரணம் அருளே. முழுவுறைக் குண்டு துளைத்துச் சென்ற மான் காடெல்லாம் ஓடி நாட்கணக்கில் துன்புற்று மடியும். மென்முனைக் குண்டு பட்டது நின்றவிடத்தே வீழும். மனிதனிடத்து, அவன் மீண்டும் எழுந்து வாழவேண்டும் என்று கருதுகின்றோம். விலங்கினிடத்து, அது விரைந்து மாயவேண்டும் என்று கருதுகின்றோம். ஆங்கிலேயராட்சியில் இராணுவ அளவாகிய .303 பொதுமக்கட்கு விலக்கப்பட்டமையால் .315 அளவு வழக்கில் வந்தது. நம் நாட்டு உரிமம் பெற்றோர் ரைபிள்களில் அவ்வளவே இன்றும் பெருவழக்கு. அதற்குரிய தோட்டா மென்முனையுடையது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் வேட்டை ஒழிந்தமையால் இப்பொருள் ஏட்டளவாய் நின்றது.

அண்மையில் அது மீண்டும் வயலுக்கு வந்திருக்கின்றது. களக்காடு, திருக்குறுங்குடி, கடையம் முதலிய மலையடி ஊர்களில் வாழையையும் நெல்லையும் காட்டுப்பன்றிகள் அழிப்பது நெல்லைச் சீமையின் நெடுநாள் முறையீடு. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று முறை வகுத்தது. சுடுவோர் சுடுமிடமோ ஆள் நடமாடும் தோட்டம். பன்றியைத் துளைத்து அப்பாற் செல்லும் குண்டு வரப்பில் நிற்பவனைத் தாக்கலாம். மிக விரைவில் விரிந்து சிதையும் குண்டு, தடித்த தோளினுள் ஆழஞ்செல்லாது புண்பட்ட பன்றியை வாழைக்குள் ஓடவிடலாம். அது ஊருக்கும் தீது, பன்றிக்கும் கொடுமை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தோட்டா எது, எத்தொலைவில் எவ்வளவு ஆழம் செல்லும் என்பதைச் சுடுவோர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். மேலே கூறிய பாளங்கள் சிலவும் பனிக்கட்டிப் பெட்டியொன்றும் எஃகு மணி செலுத்தும் காற்றுத்துப்பாக்கியும், வேகத்தை அளக்கும் கருவியும் இருந்தால் ஒரு காலையில் இதனைத் தேரலாம். பெட்டியினின்று எடுத்த பாளம் குளிர்நாட்டிலேயே அரைமணி நேரத்துக்குள் சுடப்படவேண்டும் என்பர். நம் நாட்டில் அதுவும் இராது. ஆகையால் வெயில் ஏறுமுன், விடியலிலேயே தொடங்குதல் நன்று.